தக்காளியைக் கருக்கியது பூஞ்சை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வேளாண் பக்கத்தில் தக்காளி பற்றி வந்த கட்டுரை முன் இலைக்கருகல், பின் இலைக்கருகல் இரண்டையும் 'பூஞ்சை நோய்கள்' என்று ஒரே தலைப்பில் அடைத்திருந்தது. ராயக்கோட்டைப் பக்கம் முக்கால் ஏக்கரில் தக்காளி வைப்பவன் நான். முப்பத்தோரு ஆண்டு தாவரவியல் நடத்தியவனும்கூட. மனம் பொறுக்கவில்லை.

பணியில் சேர்ந்த புதிதில் நானே பூஞ்சையைப் 'பச்சையம் இல்லாத தாவரம்' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டவன்தான். ஆனால் 1969இலேயே அமெரிக்க உயிரியலாளர் விட்டேக்கர், உயிரினங்களை ஐந்து உலகங்களாகப் பிரித்த தமது வகைப்பாட்டில் அதைத் தாவரங்களிலிருந்து பிரித்துத் தனி உலகமாக வைத்துவிட்டார். பூஞ்சையின் செல்சுவரில் இருப்பது நண்டு ஓட்டில் உள்ள கைட்டின். அது சேமிப்பதும் மாவுச்சத்து அல்ல, நம் கல்லீரலில் இருக்கும் கிளைக்கோஜன். மரபணுவை ஒப்பிட்டால் செடியைவிட விலங்குக்கே நெருங்கிய உறவு. காளான் குழம்பை நம்பிச் சாப்பிடும் என் மனைவியிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

முன் இலைக்கருகலைத் தருவது பூஞ்சைதான். பின் இலைக்கருகலைத் தரும் ஃபைட்டோப்தோரா என்ற நுண்ணுயிரோ அந்தப் பூஞ்சை உலகத்திலும் சேராது. நூல் நூலாகப் படர்வதால் பூஞ்சை என்றே நெடுங்காலம் எண்ணிவிட்டார்கள். அதன் செல்சுவரில் செடிகளில் உள்ளது போலச் செல்லுலோஸ் உண்டு. அதன் வித்துகள் இலைமேல் தேங்கிய ஈரத்தில் நீந்தும். சொந்தமெல்லாம் கடலில் வளரும் பழுப்புப் பாசிகளோடு. அயர்லாந்தில் 1845இல் உருளைக்கிழங்கை அழுகவைத்துப் பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்தது இதுதான்.

சென்ற கார்த்திகையில் நான்கு நாள் விடாத தூறல். விடியற்காலையில் ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தேன். வெந்நீர் பட்டது போன்ற கருந்திட்டு, அதன் ஓரத்தில் மெல்லிய வெள்ளைப் பூப்பு. முன் இலைக்கருகலாக இருந்தால் அறுத்த மரத்தில் தெரிவது போல வளையத்துக்குள் வளையம் இருக்கும், இதில் ஒன்றுமில்லை. உரக்கடையில் "பூஞ்சைதானே?" என்று கார்பன்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியைக் கொடுத்தார்கள். படித்தவன் நானும் வாயை மூடிக்கொண்டு வாங்கிவந்தேன்! அடித்த ஐந்தாம் நாள் தண்டு கறுத்தது, பச்சைக் காயில் பழுப்பு ஏறியது. கார்பன்டசிம் பல உண்மைப் பூஞ்சைகளைக் கொல்லும். ஃபைட்டோப்தோராவை ஒன்றும் செய்யாது. மெட்டலாக்சில் என்ற மருந்துதான் ஃபைட்டோப்தோராவின் கூட்டத்துக்கென்றே உள்ளது. அதைத் தனியாக அடித்தால் முன் இலைக்கருகல் அசையாது.

ஆகவே இரண்டையும் பிரித்து, இலையின் அடிப்பக்கப் படத்தோடு, கட்டுரையை மறுபடியும் வெளியிடுங்கள். கார்த்திகை பிறப்பதற்குள் வந்தால் எங்கள் பக்கத்தார் கடைக்குக் கையோடு கொண்டுபோவார்கள்.

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்