கவிதைச் சங்க ஆண்டறிக்கை: முப்பது நாளும் திருமணம்

தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. ஒன்று மட்டும் மழையால் நின்றுபோனது. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். புதிய நாற்காலி விஷயம் இன்னும் விஷயமாகவே இருக்கிறது. ஆக, இந்த அறிக்கையில் சொல்லத்தக்கது ஏப்ரல் மாதம் ஒன்றுதான்.

ஏப்ரலில் நாளுக்கொரு கவிதை எழுதும் வழக்கத்தை மொரீன் தார்சன் என்ற அமெரிக்கக் கவிஞர் 2003-இல் தொடங்கினார். 30 நாள், 30 கவிதை, அவ்வளவுதான் விதி. நாமும் அதைப் பின்பற்றினோம். ஆனால் நாளுக்கொரு தலைப்பு கொடுக்காமல் மாதம் முழுக்கத் திருமணம் ஒன்றையே எழுதுவது என்று குழு முடிவு செய்தது. “கல்யாணமே ஆகாதவன் முப்பது நாளும் எதை எழுதுவது?” என்று இளைய உறுப்பினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். கடைசியில் தன் பெற்றோரைப் பற்றி அவர் எழுதியவையே தொகுப்பில் முன்வரிசையில் நிற்கின்றன.

அளவுக்குச் சங்க இலக்கியக் குறும்பாடல் தொகுப்பான ஐங்குறுநூற்றை எடுத்துக்கொண்டோம். அதன் பாடல்கள் 3 முதல் 6 அடிக்குள் முடிந்துவிடும். நமக்கும் 6 அடிதான் மேல் எல்லை.

முதல் வாரத்தைப் பற்றி அதிகம் சொல்லாமல் இருப்பது நாகரிகம். ‘இரு மனம்’ என்று தொடங்கியவை எல்லாம் ‘திருமணம்’ என்று முடிந்தன. நிலா வராத கவிதையே இல்லை. ஆண் உறுப்பினர்கள் சிலர் ஆயுள் தண்டனை, கால்கட்டு என்று பழைய நகைச்சுவைத் துணுக்குகளை மடக்கி மடக்கி எழுதிக் கொடுத்தார்கள். 8-ஆம் நாள் குழு அவசரமாகக் கூடி இந்தச் சொற்களுக்கெல்லாம் தடை போட்டது. கூடவே, திருமண நாளைப் பற்றி எழுதவும் தடை. மறுநாள் காலையில் இருந்ததை மட்டும் எழுதுங்கள் என்றோம். சங்கம் இந்த ஆண்டில் எடுத்த ஒரே நல்ல முடிவு இதுதான் என்பது என் சொந்தக் கருத்து. குழுவின் கருத்தாகப் பதிய வேண்டாம்.

9-ஆம் நாளே வந்தது இது:

இரண்டு சாவி.
முதலில் வருபவர்
விளக்கைப் போடுவார்.

இது ஹைக்கூவா என்று ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. ஹைக்கூ என்றால் பருவமும் இயற்கையும் வேண்டும், மனிதர்களின் நடப்பைப் பேசினால் அது சென்ரியு என்றார் தலைவர். 18-ஆம் நூற்றாண்டில் ஜப்பானில் காராய் சென்ரியு என்பவர் தேர்ந்து தொகுத்தவற்றால் வந்த பெயர் அது. அப்படிப் பார்த்தால் திருமணக் கவிதை எல்லாமே சென்ரியுதான். சரி, எழுதியவரோ இரண்டு பெயரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

மரபுக் கவிதை எழுதுவோர் திருக்குறளின் வடிவமான குறள் வெண்பாவுக்குப் போனார்கள். ஏழே சீர், அதாவது ஏழு ஓசைத் துண்டு; ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற வாய்பாடுகளில் (ஓசை அளவுகளில்) ஒன்றில் முடிய வேண்டும், சீருக்குச் சீர் ஓசையை இணைக்கும் தளையும் தட்டக் கூடாது. நாள்தோறும் இதைச் செய்வது சாதாரணமல்ல. ஒன்று தேறியது:

சண்டையிட்டுத் தூங்கினோம் நள்ளிரவில் போர்வை
இழுத்தென்மேல் போர்த்தும் விரல்.

அடிகளின் முதற்சொற்களில் இரண்டாம் எழுத்து ஒன்றிவரும் அடி எதுகை இல்லை என்று ஒருவர் முணுமுணுத்தார். ஈற்றில் ‘விரல்’ மலர் வாய்பாட்டில் வந்து உட்கார்ந்த அழகுக்காக மன்னித்தோம்.

பதிவேட்டில் ஏற வேண்டிய சங்கடம் ஒன்றும் உண்டு. உறுப்பினர் ஒருவர், கணவரின் பெயரையே போட்டு அவர் குறட்டையைப் பற்றி எழுதிவிட்டார். கூட்டத்தில் நல்ல கைதட்டல். கணவரும் பின்வரிசையில்தான் இருந்தார். அப்புறம் நான்கு நாள் அந்த அம்மையாரிடமிருந்து கவிதை வரவில்லை. காதல் வாழ்வைப் பாடும் அகப்பாடலில் ஒருவரையும் பெயர் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் சொன்னதன் அருமை அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது. அதையே சங்க விதியாக்கினோம். ஐந்தாம் நாள் கவிதை வந்தது, எழுதியவர் கணவர். அவர் உறுப்பினரே அல்ல என்றாலும் ஏற்றுக்கொண்டோம்:

திருமணப் படத்தில்
நம் பின்னால் நிற்பவர் யார்?
இன்றும் தெரியவில்லை
இருவருக்கும்.

பெயர் போடாவிட்டாலும் வீட்டில் தப்ப முடியாது என்பதற்கு நானே சாட்சி. என் 12-ஆம் நாள் கவிதையைப் படித்துவிட்டு என் மனைவி, “என்னங்க, இது யாரைப் பத்தி?” என்றாள். பொதுவாக எழுதியது என்றேன். “பொதுவா எழுதினதுல நம்ம வீட்டு ஜன்னல் எப்படி வந்துச்சு?” என்றாள். கவிதையைத் திருத்தினேன். ஜன்னல் போனதும் கவிதையும் போய்விட்டது. மறுபடி ஜன்னலை வைத்தேன்.

23-ஆம் நாள், மூத்த உறுப்பினர் ஒருவர் வாசித்ததை விளக்கமின்றி இங்கே தருகிறேன்:

பாதிக் கட்டில்
இன்னும்
விரிப்பு கலையாமல்.

அன்று வேறு யாரும் வாசிக்கவில்லை. கூட்டம் சீக்கிரம் முடிந்தது.

முப்பது நாளும் விடாமல் எழுதியவர்கள் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. 17, 18, 19 மூன்று நாள் கவிதைகளையும் 19-ஆம் தேதி இரவு ஒரே மூச்சில் எழுதினேன் என்பதைக் குழுவுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். பெயரை நீக்குவதானால் நீக்கலாம். மூன்றில் எது எந்த நாளுக்கு என்று எனக்கே மறந்துவிட்டது.

வரும் ஏப்ரலுக்கு ‘மாமியார்’ என்ற தலைப்பை ஒருவர் முன்மொழிந்திருக்கிறார். வழிமொழிய இதுவரை ஆள் வரவில்லை.

கையெழுத்துப் பிரதியின் இரண்டாம் நோட்டு என்னிடம் இல்லை. எடுத்துச் சென்றவர் படித்து முடித்ததும் திருப்பித் தர வேண்டும். 23-ஆம் நாள் பக்கம் அதில்தான் இருக்கிறது.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்