காதைத் தொட விடாத நாயை என்ன செய்வது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மழைக்காலத்தில் செல்லப்பிராணிகளைப் பார்த்துக்கொள்வது பற்றி உங்கள் நாளிதழில் வந்த பக்கத்தைப் படித்தேன். தடுப்பூசி, உண்ணி, ஈரத்தரை எல்லாம் சரியாகவே எழுதியிருந்தது. காதுக்கு மட்டும் ஒரே வரி, வாரம் ஒருமுறை நாயின் காதைச் சுத்தம் செய்யுங்கள் என்று. எழுதியவர் வீட்டு நாய் ரொம்பச் சாது போலிருக்கிறது. எங்கள் பக்கம், அதாவது செங்கோட்டை, புளியரை, செக்போஸ்ட் தாண்டினால் ஆரியங்காவு, தென்மலை வரைக்கும், காதுப் பக்கம் கை போனாலே உறுமுகிற நாயை வைத்துக்கொண்டு முழிக்கிற வீடுகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். அப்படி ஒரு வீட்டில் இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு நாலு பேர் சேர்ந்து நாயை அமுக்கிப் பிடித்தால் நாய்க்கும் கேடு, பிடிக்கிறவர் கைக்கும் கேடு. அதனால்தான் எழுதுகிறேன்.

ஜூனில் கணவாய் வழியாக மேற்குக் காற்று வந்ததும் எங்களுக்குச் சாரல் ஆரம்பித்துவிடும். குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அது சீசன், எங்கள் நாய்களுக்கு அது காது அரிக்கிற காலம். கொடியில் போட்ட துணியே ரெண்டு நாளாகக் காயாமல் கிடக்கும்போது தொங்கிக்கொண்டிருக்கிற காதுக்கு உள்ளே மட்டும் எப்படிக் காயும்? அந்த ஈரத்திலும் சூட்டிலும் தோலில் எப்போதும் கொஞ்சமாக இருக்கிற மலசீசியா என்கிற ஈஸ்ட் பெருகிவிடும், பாக்டீரியாவும் கூடச் சேர்ந்துகொள்ளும்.

இன்னொன்று, எல்லையோரத்துக்கே உரிய விஷயம். 1956 நவம்பர் 1 அன்றுதான் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது, கோடு போட்டாலும் கொடுக்கல் வாங்கல் நிற்கவில்லை, அதில் நாயும் அடக்கம். புனலூர், கொட்டாரக்கரைப் பக்கம் வீட்டுக்குள் வளர்ந்த லேப்ரடார், வீட்டுக்காரர்கள் வெளிநாட்டுக்குக் கிளம்பும்போது இங்கே தோப்புக் காவலுக்குக் கைமாறி வந்துவிடும். நன்றாக வளர்ந்த நாய், அதன் காதை இதற்கு முன் யார் எப்படித் தொட்டார்கள், என்ன வலியைக் கொடுத்தார்கள் என்று கேட்க ஆளில்லை. எங்கள் வீட்டுக்கு வந்ததும் அப்படி ஒன்றுதான். மலையாளத்தில் கூப்பிட்டால் வால் ஆடும், காதைத் தொட்டால் எந்த மொழியும் எடுபடாது. ராஜபாளையம், சிப்பிப்பாறை வைத்திருப்பவர்களுக்கும் கஷ்டம்தான், வீட்டில் ஒருவரைத் தவிர வேறு யார் கையையும் அவை ஏற்றுக்கொள்ள யோசிக்கும்.

இந்த மாதிரி நாயை எல்லோரும் முரட்டு நாய் என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. நேற்று வரை காதைச் சொறிந்துவிடக் காட்டிக்கொண்டிருந்த நாய் இன்று தொட விடவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது காதில் இருக்கும் வலியைத்தான். தூரத்தில் இருந்தே பார்க்கலாம். தலையை ஓயாமல் உதறுகிறதா, பின்னங்காலால் பிறாண்டுகிறதா, காதைத் தரையில் தேய்க்கிறதா, பக்கத்தில் உட்கார்ந்தால் புளித்த வாடை வருகிறதா. காபித்தூள் நிறத்தில் பொடிப்பொடியாக அழுக்கு வந்தால் காதுப் பேனாக இருக்கலாம், குட்டிகளுக்கு இது அதிகம். மஞ்சளாகச் சீழ் வந்தால் பாக்டீரியா. காட்டுக்குள் ஓடிவிட்டு வந்த நாய் திடீரென்று ஒரே ஒரு காதை மட்டும் உதறிக்கொண்டு கத்தினால் ஊசிப்புல் உள்ளே போயிருக்க வாய்ப்பு உண்டு, உண்ணியும் காதுக்குள் போய் உட்காரும். ரொம்ப நாள் உதறி உதறிக் காது மடலுக்குள் ரத்தக்குழாய் உடைந்து மடல் உப்பிவிடுவதும் உண்டு, அது தானாக வற்றும் என்று காத்திருந்தால் மடல் சுருங்கிப்போகும். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தே இருக்கிறது, நடக்கும்போது தள்ளாடுகிறது என்றால் காதுக்குள் எதையும் ஊற்றக்கூடாது, தண்ணீர்கூட. நேரே டாக்டரிடம்தான்.

நாயின் காதுத் துளை நம்முடையது மாதிரி நேரே உள்ளே போகாது. ட எழுத்து மாதிரி முதலில் கீழே இறங்கி, பிறகு தலைக்குள் படுக்கையாகத் திரும்பும், அதன் கடைசியில்தான் செவிப்பறை. அதனால்தான் பட்ஸ் வேண்டவே வேண்டாம் என்கிறேன். அதை விட்டுத் திருப்பினால் குறும்பி வெளியே வராது, இறங்கித் திரும்புகிற அந்த முனையில் போய் அடைத்துக்கொள்ளும். நாய் அந்த நேரம் பார்த்துத் தலையைத் திருப்பினால் செவிப்பறைக்கே ஆபத்து. அப்புறம், வாரம் ஒருமுறை என்பதும் எல்லா நாய்க்கும் பொருந்தாது. மடலைத் தூக்கிப் பார்த்தால் வெளிறிய ரோஸ் நிறத்தில், வாடையில்லாமல் இருக்கிற காதைச் சும்மா விடுவதுதான் நல்லது. தேவையில்லாமல் கழுவிக்கொண்டே இருந்தால் அதனாலேயே உள்தோல் புண்ணாகும்.

சரி, தொட விடாத நாய்க்கு எப்படிப் பழக்குவது? காது ஆரோக்கியமாக இருக்கும்போது, அல்லது வைத்தியம் முடிந்து வலி போன பிறகு தொடங்க வேண்டும். இது வாரக்கணக்கில் ஆகிற வேலை, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற வேலையில்லை. நாய்க்கு உயிரான தீனி ஒன்று வேண்டும், பிஸ்கட் எல்லாம் போதாது. எங்கள் வீட்டில் முள் எடுத்த அவித்த மத்தி. முதலில் காதுப் பக்கமே போகாமல் தோளை ஒரு நொடி தொட்டுவிட்டு ஒரு துண்டு. அப்புறம் கழுத்து, அப்புறம் கன்னம், அப்புறம் மடலின் நுனி. வரிசை முக்கியம், முதலில் தொடுதல், பிறகு தீனி. மாற்றிச் செய்தால், அதாவது மத்தியைக் காட்டி மயக்கிவிட்டுக் காதைப் பிடித்தால், மத்தி வந்தாலே ஏதோ வரப்போகிறது என்று நாய் கற்றுக்கொண்டு தட்டைப் பார்த்ததும் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

நாய் முகத்தைத் திருப்பினால் கையை எடுத்துவிடுங்கள். உதட்டை நக்குவது, தூக்கம் இல்லாமல் கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது, உடம்பு விறைத்து அசையாமல் நிற்பது, இதெல்லாம் உறுமலுக்கு முன்னால் வருகிற சேதி. விறைத்து நிற்பதைப் பார்த்துவிட்டு "ஆ, இப்ப அடங்கிட்டான்" என்று சொல்லிப் பாட்டிலைத் திறக்கிறவர்கள்தான் கடி வாங்குகிறார்கள். உறுமினால் அடிக்கவும் கூடாது. உறுமியதற்கு அடி வாங்கிய நாய் அடுத்த முறை சொல்லாமலே கடிக்கும்.

இன்னொரு நல்ல பழக்கம், நாற்காலி மேலோ நம் தொடை மேலோ நாய் தானாகத் தாடையை வைக்கப் பழக்குவது. தாடை அங்கே இருக்கிற வரைக்கும் நாம் வேலை செய்யலாம், எடுத்துவிட்டால் நிறுத்திவிட வேண்டும். தனக்கு நிறுத்துகிற உரிமை உண்டு என்று தெரிந்த நாய் போகப்போக நிறுத்துவதே இல்லை. பார்த்து ஆச்சரியப்பட்டிருக்கிறேன். காலி பாட்டிலைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோவது, மூடியைத் திறக்கும் சத்தம், ஈரப்பஞ்சு மடலில் படுவது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பழக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஓரிரு நிமிடம் போதும்.

நிஜமாகச் சுத்தம் செய்கிற அன்று, டாக்டர் எழுதிக்கொடுத்த காது கழுவும் மருந்தைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துச் சில்லிப்பை எடுத்துவிடுங்கள். குளிர்ந்த மருந்து காதில் விழுவதும் பாட்டில் புஸ்ஸென்று பீச்சுவதும்தான் பல நாய்களுக்குப் பயம். பஞ்சை மருந்தில் நன்றாக நனைத்துக் காது வாயில் வைத்துப் பிழிந்தால் சத்தமே இல்லை. மடலை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, காதின் அடிப்பகுதியை, தாடைக்கு மேலே குழாய் மாதிரி கைக்குத் தட்டுப்படும் இடத்தை, அரை நிமிடம் போல மெதுவாகப் பிசைந்துவிட வேண்டும். உள்ளே சளக் சளக் என்று கேட்டால் சரியாகப் போகிறது என்று அர்த்தம். பிறகு விட்டுவிடுங்கள், நாய் உதறட்டும். உள்ளே கிடக்கிற அழுக்கை மேலே கொண்டுவருவது அந்த உதறல்தான். சட்டையில் தெறிக்கும், பழைய லுங்கியைக் குறுக்கே பிடித்துக்கொள்ளலாம். மேலே வந்ததை மட்டும் விரலில் பஞ்சைச் சுற்றி, விரல் எட்டுகிற தூரம் துடைத்தால் போதும். ஒரு காதோடு நாய் போதும் என்றால் இன்னொரு காது நாளைக்கு. ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

இப்போது கைவைத்தியம். எங்கள் தெருவில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார், எதற்கும் மருந்து சொல்வார். "தேங்காண்ணெயச் சூடு பண்ணி ரெண்டு கற்பூரத்தப் போட்டு ஊத்துங்கக்கா, சரியாப் போயிரும்" என்றார். அன்பாகச் சொன்னதுதான், ஆனால் எண்ணெய் அந்தத் திருப்பத்தில் தங்கி அழுக்கைச் சேர்த்துக்கொள்ளும், டாக்டர் விளக்கு வைத்துப் பார்த்தாலும் உள்ளே ஒன்றும் தெரியாது. கற்பூரமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. உண்ணிக்கு மண்ணெண்ணெய், புண்ணுக்கு டெட்டால், ஸ்பிரிட், ஹைட்ரஜன் பெராக்சைடு, வினிகர் என்று ஊற்றுகிறவர்கள் ஏற்கெனவே வெந்த காதை இன்னும் வேகவைக்கிறார்கள், அதற்குப் பிறகு அந்த நாய் யாரையும் கிட்டே விடாததில் அதிசயம் என்ன இருக்கிறது? மெடிக்கல் ஷாப்பில் மனிதர்களுக்கான காதுச் சொட்டு மருந்தைக் கேட்டு வாங்கி ஊற்றுவதும் வேண்டாம். செவிப்பறை கிழிந்திருந்தால் ஜென்டமைசின் போன்ற மருந்து உட்காது வரை போய்க் கேட்கும் திறனையே பாதிக்கலாம்.

காது ஏற்கெனவே புண்ணாகி, மருந்து இன்றைக்கே போட்டாக வேண்டும், நாயோ விடாது. இங்கேதான் என் முக்கியமான ஆதங்கம். ஒரு மாட்டாஸ்பத்திரிக்கு, பெயர் வேண்டாம், எங்கள் நாயைக் கூட்டிப்போனபோது டாக்டர் மேசைக்கு அந்தப் பக்கம் நின்றபடியே சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். காதைப் பார்க்கவில்லை. அவரையும் குறை சொல்ல முடியாது, வெளியே கன்று போட முடியாத மாட்டோடு ஒருவர் நிற்கிறார், உதவிக்கு ஒரே ஆள், நாயோ பல்லைக் காட்டுகிறது. ஆனால் பார்க்காமல் தருகிற மருந்து குருட்டாம்போக்குதான். கருவியை வைத்துச் செவிப்பறையைப் பார்த்து, அழுக்கை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தால்தான் அது காதுப் பேனா, ஈஸ்டா, பாக்டீரியாவா என்று தெரியும், ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. பிறகு வேறொரு டாக்டரிடம் போனோம். வெறும் வயிற்றோடு வரச் சொல்லி, மயக்க ஊசி போட்டு, ரெண்டு காதையும் பொறுமையாகப் பார்த்துக் கழுவி, வலி குறையவும் மருந்து கொடுத்து அனுப்பினார். மயக்க ஊசி என்றால் நம் ஆட்களுக்கு பயம், பாவம் வாயில்லா ஜீவன் என்கிறார்கள். நாலு பேர் மேலே உட்கார்ந்து அழுத்துவது மட்டும் பாவத்தில் சேராதா? ஊசி வேண்டுமா என்று டாக்டர் கேட்கக் காத்திருக்காமல் நாமே கேட்கலாம். சில நாய்களுக்கு வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே கொடுக்கிற பயம் தணிக்கும் மாத்திரையும் டாக்டர் தருவார், அளவை அவர்தான் சொல்ல வேண்டும்.

வாய்க்கூடை போடுவதிலும் தவறில்லை, ஆனால் நாய் வாயைத் திறந்து மூச்சு வாங்குகிற மாதிரி கூடை வடிவில் இருக்க வேண்டும். துணியால் வாயை இறுக்கிக் கட்டினால் நாயால் இரைக்க முடியாது, உடம்புச் சூட்டை அது பெரும்பாலும் அப்படித்தான் தணிக்கிறது, அதனால் அது ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மட்டுமே. கூடையையும் முன்கூட்டியே தீனி வைத்துப் பழக்கிவிட வேண்டும். பிள்ளைகளைக் காலைப் பிடிக்கச் சொல்லவே கூடாது. அப்படியும் கடியோ கீறலோ பட்டால், தடுப்பூசி போட்ட நம் வீட்டு நாய்தானே என்று விடாமல், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், அவர்கள் ஊசி தொடங்கினால் சொன்ன தேதிகளில் எல்லாவற்றையும் போட்டு முடியுங்கள்.

எல்லாம் செய்தும் காதுப் புண் திரும்பத் திரும்ப வந்தால் மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டிருக்காதீர்கள், பல நாய்களுக்கு அடியில் அலர்ஜி இருக்கும், சாப்பாட்டிலிருந்தோ தூசியிலிருந்தோ. அதை டாக்டரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.

கால்நடைத் துறைக்கு உங்கள் மூலம் ஒரு கோரிக்கை. செப்டம்பர் 28 வெறிநோய் தினத்தை ஒட்டி முகாம் நடத்தி இலவசமாக ஊசி போடுகிறீர்கள், ரொம்ப நல்லது. ஆனால் வரிசையில் நிற்கிற நாய்க்கூட்டத்தில், மாட்டுச் சத்தத்தில், பயந்த நாயின் காதை யாரும் பார்க்க முடியாது. வாரத்தில் ஒரு மதியம், மாடு ஆடு கூட்டம் குறைந்த பிறகு, தொட விடாத நாய்களுக்கு என்று முன்பதிவு வைத்து மயக்க ஊசி போட்டுப் பார்க்க எங்கள் பக்கத்துக் கால்நடை மருந்தகங்களில் ஏற்பாடு செய்ய முடியுமா? காலையில் வெறும் வயிற்றோடு தயாராக வைத்திருக்க நாங்கள் ரெடி.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
புளியரை, தென்காசி மாவட்டம்.