கோதுமை ரவையும் கோதுமைதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வார ஞாயிறு இணைப்பில் ‘குளூட்டன் இல்லாத கம்பு குக்கீ’ என்று ஒரு சமையல் குறிப்பு போட்டிருந்தீர்கள். தலைப்பைப் பார்த்துவிட்டு என் மகள்தான் தாளோடு அடுப்படிக்கு ஓடிவந்தாள், “அம்மா, நான் சாப்பிடலாம்னு போட்டிருக்கு” என்று. வாங்கிப் படித்தேன். கம்பு மாவு, நாட்டுச்சர்க்கரை, நெய், அதுவரை சரி. அடுத்த வரியில் கோதுமை மாவு அரை கப், அதற்குக் கீழே மொறுமொறுப்புக்கு வறுத்த ரவை இரண்டு கரண்டி, கடைசியில் ‘மைதா சேர்க்காததால் இதில் குளூட்டன் இல்லை’ என்று ஒரு வரி. அவளுக்கு 9 வயது. என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தவள், கோதுமை என்ற சொல் வந்ததும் ஒன்றும் சொல்லாமல் வாசலுக்குப் போய்விட்டாள்.

அதனால்தான் இந்தக் கடிதம். கோபத்தில் எழுதவில்லை, ஆனால் இதைச் சொல்லாமல் விடவும் முடியவில்லை.

மைதா, கோதுமை மாவு, ரவை, சம்பா ரவை, சேமியா, எல்லாம் ஒரே தானியம்தான். பரோட்டா போடுகிறவர் மாவை வீசும்போது அது கிழியாமல் துணி மாதிரி விரிகிறதே, அந்த இழுவையைக் கொடுப்பதுதான் குளூட்டன், கோதுமைக்குள் இருக்கும் புரதம். பார்லியிலும் ரை என்கிற தானியத்திலும் இதே வகைப் புரதங்கள் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு இதனால் ஒரு கெடுதலும் கிடையாது, அவர்கள் தாராளமாகச் சப்பாத்தி சாப்பிடலாம். சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு மட்டும் அந்தப் புரதம் உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கி அரித்துவிடுகிறது, அப்புறம் எவ்வளவு ஊட்டமாகச் சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டுவதில்லை. என் மகளுக்கு அப்படித்தான் ஆனது. இரண்டு வருஷம் உயரமே கூடவில்லை, வயிறு மட்டும் உப்பி நிற்கும், இரும்புச்சத்து டானிக் பாட்டில் பாட்டிலாகக் கொடுத்தும் ரத்தசோகை தீரவில்லை. பூச்சி மருந்து கொடுத்தோம், வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தோம். கடைசியில் ஒரு குழந்தை மருத்துவர் டி.டி.ஜி. என்று ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக்கொடுத்து, எண்டோஸ்கோப்பி வழியாகச் சிறுகுடலில் துளி சதை எடுத்துப் பார்த்து உறுதி செய்தார்கள்.

சொந்தக்காரர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி, “ரொட்டி சாப்பிடுற வடக்கத்திக்காரங்களுக்கு வர்றது நம்ம ஊர்ப் பிள்ளைக்கு எப்படி வரும்?” கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. 2016ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில் வட இந்தியாவைவிடத் தென்னிந்தியாவில் இது மிகமிகக் குறைவு என்றுதான் வந்தது. ஆனால் குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமா? இங்கே யாரும் எதிர்பார்க்காத நோய் என்பதாலேயே எங்களுக்குக் கண்டுபிடிக்க இரண்டு வருஷம் ஆனது. அந்த மருத்துவர் எங்களுக்கு ஒரு கதை சொன்னார். வில்லெம் டிக்கே என்று நெதர்லாந்தில் ஒரு குழந்தை மருத்துவர், இந்த நோய்க்குக் கோதுமை காரணமாக இருக்குமோ என்று அவருக்கு முன்பிருந்தே சந்தேகம். 1944-45 குளிர்காலத்தில், போர் நடந்துகொண்டிருந்த நேரம், அங்கே பஞ்சம் வந்து ரொட்டிக்கே வழியில்லாமல் போனது. ஊரே பட்டினியில் வாட, இந்த நோய் இருந்த பிள்ளைகள் மட்டும் தேறினார்கள், ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்துவிட்டார்கள். இதை நான் என் மாமியாரிடம் சொன்ன பிறகுதான் அவர் பேத்திக்கு ஒளித்து ஒளித்து பிஸ்கட் கொடுப்பதை நிறுத்தினார்.

சப்பாத்தி, பிஸ்கட், சேமியா உப்புமா, கேசரி எல்லாவற்றையும் நிறுத்தி ஒரு வருஷம் ஆகியும் ரத்தத்தில் அந்த டி.டி.ஜி. அளவு முழுசாக இறங்கவில்லை. உணவு ஆலோசகர், வீட்டில் இருக்கும் டப்பா, பாக்கெட் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். மேசையில் பரப்பி ஒவ்வொன்றாக லேபிளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தவர் பெருங்காய டப்பாவில் நிறுத்தினார். பொடி எழுத்தில் மூன்று பொருள்தான் இருந்தது, கோந்து, கோதுமை மாவு, பெருங்காயம். மூன்று வேளைச் சமையலில் ரசம், சாம்பார், மோர் எல்லாவற்றிலும் நானே என் கையால் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம் நிறைய இப்படித்தான், கோதுமை மாவோ மைதாவோ கலந்து வரும், அரிசி மாவு கலந்ததும் உண்டு, தேடித்தான் வாங்கவேண்டும். பாலில் கலக்கிக் கொடுத்த சத்து மாவில் பார்லி மால்ட் இருந்தது. இதெல்லாம் தெரிந்து ஒதுக்கிய பிறகுதான் பிள்ளை வளர ஆரம்பித்தாள்.

இப்போது குக்கீக்கு வருகிறேன். ‘கோதுமையை எடுத்துவிட்டு அரிசி மாவு, கம்பு மாவு, கேழ்வரகு மாவு போட்டால் தீர்ந்தது’ என்று எல்லோரும் சொல்கிறார்கள். தானியத்தில் குளூட்டன் இல்லை, உண்மை. ஆனால் அந்த மாவு எங்கே அரைபடுகிறது? எங்கள் தெரு மாவு மெஷினில் கோதுமையைக் கொட்டி அரைத்துவிட்டு, வாயில் கட்டியிருக்கும் துணிக் குழாயை இரண்டு தட்டு தட்டிவிட்டு, அடுத்து நம் அரிசியைக் கொட்டுவார்கள். மெஷின்காரர் நல்ல மனிதர், காலையில் முதல் ஆளாக வாருங்கள், உங்களுக்கு அரைத்துவிட்டுத்தான் மற்றது என்றார், ஆனால் நேற்று அரைத்த கோதுமை கல்லிடுக்கிலும் துணி மடிப்பிலும் அப்படியே நிற்கிறதே. நம் நாட்டு விதிப்படி ஒரு பொருளில் குளூட்டன் இல்லை என்று எழுத வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. 20 மில்லிகிராம் என்பது விரல் நுனியில் ஒட்டுகிற தூசி. உங்கள் குறிப்பில் இருந்த அரை கப் கோதுமை மாவில் மட்டும் சில ஆயிரம் மில்லிகிராம் இருக்கும்.

இதனால்தான் நான் மாவே இல்லாத குக்கீக்கு மாறினேன், மல்லாட்டையில் செய்வது. நான் இருப்பது திண்டிவனம் பக்கம். நிலக்கடலைக்கு எங்கள் பேச்சில் மல்லாட்டை, மணிலாக் கொட்டை என்பது அப்படித் தேய்ந்துவிட்டது. டி.எம்.வி. என்று ஆரம்பிக்கும் கடலை ரகங்களின் பெயரே எங்கள் ஊரை வைத்து வந்ததுதான், அதனால் நல்ல கொட்டைக்கு எங்களுக்குப் பஞ்சமில்லை. தோலோடு வாங்கி வீட்டிலேயே உரித்து, வீட்டு மிக்ஸியில் அரைத்தால் இடையில் எந்த மெஷினும் வராது, எனக்கு அதுதான் பெரிய நிம்மதி.

250 கிராம் பருப்பு எடுத்து முதலில் தட்டில் பரப்பிப் பொறுக்குங்கள். சுருங்கினது, கறுத்தது, பூஞ்சை பட்டது, வாயில் வைத்தால் கசக்கிறது, ஒன்றுகூடச் சேரக்கூடாது, கடலையில் வரும் பூஞ்சை நஞ்சு கல்லீரலைக் கெடுப்பது, வறுத்தாலும் முழுசாகப் போகாது. அடிகனமான வாணலியில் சின்னத் தீயில் பொறுமையாக வறுத்து, ஆறவிட்டு, முறத்தில் போட்டுத் தேய்த்துத் தோலைப் புடைத்துவிடுங்கள். பிறகு மிக்ஸி. முதலில் பொடியாகும், அப்புறம் ஓரத்தில் அப்பிக்கொண்டு நகராது, அங்கேதான் பலர் பொறுமை இழந்து தண்ணீரோ எண்ணெயோ ஊற்றிவிடுகிறார்கள், இரண்டுமே வேண்டாம், கடலையில் பாதிக்குப் பாதி எண்ணெய்தானே. மிக்ஸிக்கு ஓய்வு கொடுத்து, வழித்துவிட்டு, மறுபடி ஓட்டினால் தானாக நெகிழ்ந்து பளபளவென்று உருண்டு வரும். ரொட்டியில் தடவும் பீநட் பட்டர் மாதிரி ஓடும்வரை அரைக்காதீர்கள், குக்கீக்குக் கெட்டியாக இருக்கும்போதே நிறுத்துவதுதான் பதம்.

அதில் 150 கிராம் நாட்டுச்சர்க்கரை, ஒரு முட்டை, அரைத் தேக்கரண்டி ஆப்ப சோடா, ஒரு சிட்டிகை உப்பு. அவ்வளவுதான், வேறு மாவு எதுவும் கிடையாது. குளூட்டன் செய்கிற வேலையை இங்கே முட்டை செய்கிறது, சூட்டில் இறுகி எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும், இளகிய சர்க்கரை ஆறும்போது உறைந்து இன்னொரு பிடி போடும். ஒன்றாகச் சேர்ந்ததும் கலக்குவதை நிறுத்திவிடுங்கள், மேலும் மேலும் பிசைந்தால் எண்ணெய் பிரிந்து கையெல்லாம் வழியும், மாவு உதிரியாகிவிடும். எலுமிச்சையைவிடச் சின்ன உருண்டையாக, 20 கிராம் அளவில் உருட்டினால் இருபதுக்கு மேல் வரும். இந்த மாவு தானாகப் பரவாது, அதனால் முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்கும் அழுத்தித் தட்டையாக்க வேண்டும். முன்பே சூடாக்கிய ஓ.டி.ஜி.யில் 170 டிகிரியில் 12 நிமிஷம். ஓவன் இல்லாதவர்கள் வாணலியில் உப்பைப் பரப்பி, ஸ்டாண்டு வைத்து, மூடி, பத்து நிமிஷம் சூடேற்றிவிட்டுத் தட்டை உள்ளே வைக்கலாம், சின்னத் தீயில் 15, 18 நிமிஷம் பிடிக்கும், மேலே சிவக்காது, அடிப்பக்கம் சிவந்திருக்கிறதா என்று பார்த்து எடுக்கவேண்டும்.

எடுத்ததும் தொடாதீர்கள். இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நான் முதல் தடவை சூடோடு எடுக்கப் போய் அத்தனையும் பொடிப்பொடியாக உதிர்ந்தது, பக்கத்தில் நின்ற பிள்ளை முகம் வாடியதை இன்னும் மறக்கமுடியவில்லை. வெளியே வரும்போது மெத்தென்றுதான் இருக்கும், தட்டிலேயே கால் மணி நேரம் விட்டுவிட்டால் தானாக இறுகும், கடித்தால் ஓரம் மொறுமொறுவென்றும் நடுவில் கடலை உருண்டை மாதிரியும் இருக்கும்.

புரட்டாசியில் முட்டைக்குப் பதில் ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடியை மூன்று மேசைக்கரண்டி தண்ணீரில் ஊறவைத்துச் சேர்க்கிறேன், கொஞ்சம் மெத்தென்று வரும், ருசி குறையாது. முந்திரியிலும் இதே கணக்கில் செய்யலாம், விலைதான் கட்டாது. தட்டு, முறம், மிக்ஸி ஜார், கரண்டி எதுவும் கோதுமை பட்டதாக இருக்கக்கூடாது, எங்கள் வீட்டில் இதற்கென்று ஒரு ஜார் தனியாக இருக்கிறது. கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைகளும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்து, அதனால் பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் முன் ஆசிரியையிடம் கேட்டுக்கொண்டுதான் அனுப்புகிறேன், வகுப்பில் அப்படி யாராவது இருந்தால் வீட்டோடு சரி.

இன்னொன்று. உடம்பு இளைக்க, முகம் பளபளக்க என்று சொல்லிக் கோதுமையை விடுவது இப்போது நிறைய நடக்கிறது, அது அவரவர் விருப்பம். ஆனால் சீலியாக் இருக்குமோ என்று சந்தேகம் உள்ளவர்கள் பரிசோதனைக்கு முன்னால் கோதுமையை நிறுத்தவே கூடாது, நிறுத்திவிட்டால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வர வாய்ப்புண்டு. இதையும் உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒருவரைக் கொண்டு எழுதவைத்தால் பலருக்கு உதவும்.

உங்களிடம் கேட்பது இதுதான். ஒரு குறிப்புக்குக் ‘குளூட்டன் இல்லாத’ என்று தலைப்பு வைக்கும் முன்னால் பொருள் பட்டியலில் கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி, மால்ட், ஓட்ஸ், கூட்டுப் பெருங்காயம், சோயா சாஸ் இந்தச் சொற்கள் இருக்கிறதா என்று ஒருவர் பார்க்கட்டும். ஓட்ஸ் தனியாகப் பார்த்தால் கோதுமை இல்லைதான், ஆனால் வயலிலும் ஆலையிலும் கோதுமை கலந்துவிடும், அதனால் குளூட்டன் இல்லை என்று லேபிளில் அச்சிட்ட ஓட்ஸாக இருக்கவேண்டும். மைதா மட்டும் இல்லையென்றால் ‘மைதா இல்லாத’ என்றே போடுங்கள், அதுவும் நல்ல தலைப்புதான், அதைத் தேடிப் படிக்கிறவர்களும் உண்டு.

அந்தக் கம்பு குக்கீக்குத் திருத்தம் போடும்போது தயவுசெய்து உள்பக்கத்து மூலையில் போடாதீர்கள். அதே ஞாயிறு இணைப்பில், அதே சமையல் பக்கத்தில் போடுங்கள். என்னைப் போல் குறிப்பைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைப்பவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதன் பக்கத்திலேயே இதையும் ஒட்டிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
திண்டிவனம்.