ஸ்னோ டயர் வாங்கலாமா என்று கேட்ட தோழிக்கு

என் அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்து விடும் நேரங்களைப் பொடி எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறாயாமே, அதைப் படிக்க அவருக்குக் கண் தெரிய வேண்டாமா? இவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அம்மாவை இன்னும் கொஞ்ச நாள் குனிய விடாதே. குனியாதீர்கள் என்று சொன்னால் அன்றைக்குத்தான் அவர் அலமாரியின் அடித்தட்டைச் சுத்தம் செய்வார், எனக்குத் தெரியும்.

புது வேலையில் காலை ஆறு மணி ஷிஃப்ட் என்று எழுதியிருக்கிறாய். அப்புறம் இரண்டு பக்கம் தள்ளி, குளிர்காலத்துக்கென்று தனியாக மாட்டுகிற ஸ்னோ டயர், அதாவது குளிர்கால டயர், வாங்கலாமா வேண்டாமா, வீட்டில் அண்ணன் வேண்டாம் என்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் வாங்கியே தீர வேண்டும் என்கிறார், நீ சொல் என்று என் தலையில் கட்டிவிட்டாய். எனக்கு அந்த ஷிஃப்ட்தான் முதலில் கண்ணில் பட்டது. அதற்கு வருகிறேன்.

அண்ணன் கட்சியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். காரில் ஆல் வீல் டிரைவ் இருக்கும்போது தனி டயர் எதற்கு என்கிறார். குளிர் ஊரில் பாதிப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். ஆல் வீல் டிரைவ் என்பது எஞ்சினின் இழுப்பை நாலு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற ஏற்பாடு. பனியில் சிக்கி நிற்கிற வண்டி கிளம்பவும், மேடு ஏறவும் அது நிஜமாகவே உதவும், அதை மறுக்கவில்லை. ஆனால் பிரேக் எல்லாக் காரிலும் நாலு சக்கரத்துக்கும்தான் இருக்கிறது. நிற்க வேண்டிய நேரத்தில் உன் காருக்கு எந்தச் சலுகையும் கிடையாது. வளைவில் திரும்பும்போதும் வண்டியைப் பக்கவாட்டில் பிடித்து வைப்பது டயர் மட்டும்தான். என்னைக் கேட்டால், சுலபமாகக் கிளம்பிவிடுகிற வண்டியில்தான் கூடுதல் கவனம் வேண்டும். ரோடு எவ்வளவு வழுக்குகிறது என்று தெரியாமலே வேகம் ஏறிவிடும். ஏபிஎஸ் இருக்கிறதே என்று அடுத்து கேட்பார். பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது பார்த்துக்கொள்ளும், ஸ்டியரிங் சொன்னபடி கேட்கும், அவ்வளவுதான். டயரில் இல்லாத பிடிப்பை அது எங்கிருந்து கொண்டுவரும்?

பள்ளிக்கூடத்து உராய்வுக் கணக்கு உனக்கு ஞாபகம் இருக்கும், என்னைவிட நீதான் அதில் கெட்டி. 50 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார், காய்ந்த தார் ரோட்டில் பிரேக் அழுத்திய பிறகு சுமார் 12 மீட்டரில் நிற்கும். இறுகிய பனியில் அதே கார் நிற்க 40 மீட்டர் ஆகலாம். வெறும் ஐஸ் என்றால் 100 மீட்டரை நெருங்கிவிடும். நல்ல டயர் இந்தத் தூரத்தைக் குறைக்கும், காய்ந்த ரோடு ஆக்கிவிடாது. அதே கணக்கில் இன்னொன்றும் இருக்கிறது. தூரம் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், 50-ஐ 35 ஆகக் குறைத்தாலே நிற்கும் தூரம் பாதியாகிவிடும். எந்த டயரும் இதைவிட நல்லது செய்யாது, அதுவும் இலவசமாக.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. பனி விழுகிற நாலைந்து நாளுக்காகவா இவ்வளவு செலவு என்று உனக்குத் தோன்றலாம். பனியே விழாத குளிர் நாளிலும் அந்த டயருக்கு வேலை இருக்கிறது. சாதாரண டயரின் ரப்பர் குளிரில் இறுகிக்கொண்டே போகும், இறுக இறுக ரோட்டைப் பிடிக்காது. 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்கால டயர் நல்லது என்று டயர்காரர்கள் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். 8 டிகிரியில் பிடித்து 6 டிகிரியில் வழுக்கும் என்று அர்த்தமில்லை, ஒரு உத்தேசம்தான். குளிர்கால டயரின் ரப்பர் கலவையே வேறு. உறைநிலைக்குக் கீழே போனாலும் நெகிழ்ந்து கொடுக்கும். ரோட்டில் படுகிற பட்டனை உற்றுப் பார்த்தால் பிளேடால் கீறினாற்போல மெல்லிய வெட்டுகள் நிறைய இருக்கும். சைப் என்று பெயர். பனி அந்த வெட்டுகளிலும் பள்ளங்களிலும் போய் அடைந்துகொள்ளும். ரப்பரைவிடப் பனிதான் பனியை நன்றாகப் பிடிக்கும் என்பதால் அது அங்கே அடைந்திருப்பது நல்லதுதான். 1920களில் ஜான் சைப் என்ற அமெரிக்கர் இந்த வெட்டுகளுக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். கசாப்புக் கூடத்தில் வழுக்குகிற தரையில் நிற்பதற்காகத் தன் பூட்ஸின் அடியில் கத்தியால் கீறிக்கொண்டதில் பிறந்த யோசனை என்று ஒரு கதை உண்டு. அது எவ்வளவு தூரம் நிஜமோ, எனக்குப் பிடித்த கதை.

கடைக்குப் போனால் டயரின் பக்கவாட்டைப் பார். எம் பிளஸ் எஸ் என்று போட்டிருப்பதை நம்பி ஏமாறாதே. சேற்றுக்கும் பனிக்கும் ஏற்றது என்று தயாரிப்பாளர் தானே சொல்லிக்கொள்வது அது. அதற்குச் சோதனை எதுவும் கட்டாயமில்லை. மூன்று முகடு உள்ள மலையும் அதற்குள் ஒரு பனிச்செதிலும் (ஸ்னோஃப்ளேக்) வரைந்த சின்னம் இருக்கிறதா என்று தேடு. 1999-ல் வட அமெரிக்காவில் வந்தது, பனியில் ஓட்டிச் சோதித்துத் தேறினால்தான் கொடுப்பார்கள். ஜெர்மனியில் 2024 அக்டோபரிலிருந்து குளிர்கால ரோட்டில் இந்தச் சின்னம் உள்ள டயர்தான் செல்லும், வெறும் எம் பிளஸ் எஸ் எடுபடாது. இந்தச் சோதனை நடப்பது பனியில் என்பதையும் மனதில் வை. ஐஸில் பிடிக்குமா என்பது தனிக் கேள்வி. ஐரோப்பாவில் 2021-லிருந்து டயர் லேபிளில் ஐஸ் பிடிப்புக்கென்று வேறொரு சின்னமே போடுகிறார்கள்.

நீ என்ன போட்டிருக்கிறாய் என்று கேட்பாய். ஆல் வெதர் டயர். ஆல் சீசன் என்று விற்கிற சாதாரண டயர் வேறு, இது வேறு. கடைக்காரர்களே சில சமயம் குழப்பிப் பேசுவார்கள். வருஷம் முழுக்க ஒரே செட்டாக ஓட்டலாம், ஆனால் அந்த மலைச் சின்னம் இதற்கு உண்டு. பனியில் தனிக் குளிர்கால டயர் அளவுக்கு வராது, வெயில் காலத்தில் நல்ல கோடை டயர் அளவுக்கும் வராது. எனக்கு அது போதும். ஏனென்றால் பனி கொட்டுகிற காலையில் நான் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய கட்டாயமே இல்லை. மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்துகொள்வேன். பனி வழிக்கிற வண்டி வந்துபோய், உப்பு போட்டு, மதியத்துக்கு மேல் ரோடு கறுப்பாகத் தெரிந்த பிறகுதான் சாவியை எடுப்பேன்.

உனக்கு அப்படியா? ஆறு மணிக்கு வார்டில் நிற்க வேண்டும் என்றால் ஐந்து மணி இருட்டில் ரோட்டில் இருப்பாய். அந்த நேரத்துக்கு ரோட்டை வழித்திருக்க மாட்டார்கள். முந்தின நாள் உருகின தண்ணீர் ராத்திரியில் திரும்ப உறைந்து, ஈரத் தார் மாதிரியே தெரியும், கால் வைத்தால்தான் ஐஸ் என்று புரியும். கடுங்குளிரில்தான் ஐஸ் அதிகம் வழுக்கும் என்று நானும் நினைத்ததுண்டு. உண்மையில் உருகும் நிலைக்குப் பக்கத்தில், பூஜ்யத்தை ஒட்டிய டிகிரிகளில்தான் மோசம். உன் ஊரில் மாதக் கணக்கில் அந்தக் குளிர்தான் என்று நீயே எழுதியிருக்கிறாய். இன்றைக்கு ரோடு சரியில்லை, வரவில்லை என்று ஒரு நர்ஸ் எத்தனை நாள் ஃபோன் போட முடியும்? வீட்டில் இருந்துகொள்ளலாம் என்கிற வசதி உள்ளவர்களுக்கு ஆல் வெதரே தாராளம். அந்த வசதி இல்லாதவள் நீ. வாங்கிவிடு.

சட்டம் உன் பகுதியில் என்ன சொல்கிறது என்று மட்டும் பார்த்துவிடு. கனடாவின் கியூபெக் மாதிரி டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம் என்றிருந்தால் நான் இவ்வளவு எழுதியதற்கே வேலையில்லை, அண்ணனும் ஒன்றும் பேச முடியாது.

வாங்கினால் நாலும் வாங்கு. முன்சக்கரம் இரண்டுக்கு மட்டும் போட்டால் பாதிச் செலவுதானே என்று யாராவது சொல்வார்கள், கேட்காதே. முன்னால் பிடித்துக்கொண்டு பின்னால் வழுக்கினால், வளைவில் பிரேக் தொட்டவுடன் வண்டியின் பின்பக்கம் சுற்றி முன்னே வரப் பார்க்கும். அதற்கு நாலும் பழைய டயராகவே இருந்துவிடலாம்.

முடிந்தால் தனி ரிம் நாலு சேர்த்து வாங்கு. ஒவ்வொரு முறையும் பழைய டயரைக் கழற்றிப் புதியதை ஏற்றுகிற கூலியும் மிச்சம், டயரின் ஓரமும் பாழாகாது. உன் காரின் பிரேக் இடம் கொடுத்தால் ஒரு இன்ச் சின்ன ரிம்மும் கொஞ்சம் ஒடுக்கமான டயரும் போடலாமா என்று மெக்கானிக்கைக் கேள். விலையும் குறையும், ஒடுக்கமான டயர் ஆழமான பனியைக் கிழித்துக்கொண்டு போகும். காற்றழுத்தம் காட்டுகிற சென்சார் உன் காரில் எந்த வகை என்றும் கேட்டுக்கொள், இல்லையென்றால் குளிர்காலம் முழுக்க டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். செலவைப் பற்றி அண்ணனிடம் இப்படிச் சொல்லிப் பார்: ஒரு செட் ஓடும்போது இன்னொரு செட் ஓய்வில் இருக்கிறது, அது அப்போது தேயாது. ரிம்முக்கும் மாற்றுகிற கூலிக்கும்தான் கைக்காசு, டயர் செலவு முன்னாலேயே செய்துவிடுகிற செலவு. கழற்றியதை எங்கே வைப்பது என்பதுதான் உங்கள் வீட்டில் நிஜமான சண்டையாக இருக்கும். வெயில் படாத, சூடில்லாத இடமாகப் பார்.

செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று போனால் இரண்டைப் பார். பட்டன் 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் பனிக்கு அது உதவாது. பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும், 3521 என்றால் 2021-ன் 35-வது வாரத்தில் செய்தது. பட்டன் நிறைய இருந்தாலும் கிழட்டு டயர் வேண்டாம், ரப்பர் இறுகியிருக்கும்.

ஆணி வைத்த டயரைப் பற்றிக் கேட்டிருந்தாய். வெறும் ஐஸில் அதற்கு ஈடில்லை. ஆனால் வெறும் ரோட்டில் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு தாரைச் சுரண்டும். ஜப்பானில் அந்தத் தூசு தாங்காமல் 1990-ல் சட்டம் போட்டே ஒழித்தார்கள். நீ போகிறது பெரும்பாலும் டவுன் ரோடு, உனக்கு அது தேவைப்படாது.

இங்கே எங்கள் வீட்டுச் செய்தி, பையன் லைசென்ஸ் வாங்கிவிட்டான். பயம் எனக்குத்தான். முதல் பனி விழுந்ததும் அவனை ஒரு காலி பார்க்கிங்குக்கு அழைத்துப் போய், மெதுவான வேகத்தில் அழுத்திப் பிரேக் போடச் சொல்வதாக இருக்கிறேன். ஏபிஎஸ் காலுக்கடியில் தடதடக்கும்போது பயந்து காலை எடுத்துவிடாமல் இருக்க அது ஒரு பழக்கம். நீயும் செய், அண்ணனையும் செய்ய வை. அவருக்கு நான் சொன்னதில் பாதி அங்கேயே புரிந்துவிடும்.

என் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, மாடிப்படி மட்டும்தான் தொந்தரவு. நடப்பதை விடவில்லை. நீ அனுப்புவதாகச் சொன்ன அந்தப் பழைய ஃபோட்டோக்கள் இன்னும் வரவில்லை, இந்த முறையும் சாக்குச் சொல்லாதே.

முதல் பனிக்கு முன்னால் கடைக்குப் போய்விடு. பனி விழுந்த மறுநாள் ஊரே அங்கேதான் வரிசையில் நிற்கும், உன் அளவு தீர்ந்திருக்கும்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
உன் தோழி

பி.கு: மாட்டிய பிறகு 100 கிலோமீட்டர் ஓடுவதற்குள் நட்டெல்லாம் டைட்டாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்க்கச் சொல். காற்றும் மாதம் ஒருமுறை பார். குளிர் 5, 6 டிகிரி இறங்கினால் அழுத்தம் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும்.