கோட்டைக் கல்

அன்புள்ள மகனுக்கு,

மூன்று மாதத்துக்குப் பின் வந்த உன் செய்தியில், பேத்தியின் பள்ளிக்கூட வேலைக்கென்று நமது நெடுந்தீவுக் கோட்டையின் விபரத்தை மட்டுமே கேட்டிருந்தாய். கேட்டதற்கு மட்டும் பதில் எழுதும்படி அம்மா சொல்கிறார், ஆதலால் அதையே எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் நிற்கும் அந்தக் கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டினார்கள் என்பதும், 1658இல் யாழ்ப்பாணம் வீழ்ந்தபின் அதைக் கைக்கொண்ட ஒல்லாந்தர் தங்கள் நாட்டு நகரின் பெயரால் தீவை டெல்வ்ற் என்று அழைத்தார்கள் என்பதும் புத்தகங்களிலேயே கிடைக்கும். பேத்தி கல்லைப் பற்றி எழுதட்டும். கடல் தந்த முருகைக்கல்லை அடுக்கி, சுண்ணாம்புச் சாந்தால் பிணைத்து, இரண்டு மாடிக்கு உயர்த்தியிருக்கிறார்கள். நமது வளவு மதிலும் அதே கல்தான் என்றாலும் அதற்குச் சாந்து கிடையாது, ஒரு கல் மற்றதைத் தாங்கி நிற்கிறது. கோட்டைச் சுவருக்கோ கூரை வேண்டும். கூரை போனபின் மழைநீர் சுவரின் தலைவழியே இறங்கிச் சாந்தைக் கரைப்பதும், இடுக்கில் கன்றுகள் வேர்விடுவதும் வெளியே நின்று பார்ப்பவனுக்கு நெடுநாள் தெரிவதில்லை.

நீ எஞ்சினியர், உனக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. இறங்குதுறையில் யாரைக் கண்டாலும் என் மகன் அங்கே பாலம் கட்டுகிறான் என்றுதான் சொல்கிறேன். அந்த எஞ்சினியருக்கு வீட்டுக்கு ஓர் அழைப்பு எடுக்க நேரமில்லை என்று சொல்வதில்லை. கடைசியாக வந்த பார்சலில் விலாசம் மாறியிருந்தது. மருமகளின் குரலையும் கேட்டு நாளாயிற்று. நேரத்துக்குச் சாப்பிடு. கூரை முக்கியம்.

பத்து வயதில் நீ அந்தச் சுவரில் ஆணியால் உன் பெயரைக் கீறியபோது, பழையதை மதிக்கத் தெரியாதவன் என்று எல்லோர் முன்னிலையிலும் உன்னை அடித்தேன். நமது மாட்டுக்கொட்டிலின் அத்திவாரத்தில் கிடப்பது அதே கோட்டையின் கல், மூன்று வண்டி. நீ பிறந்த ஆண்டு, கையில் காசில்லாத நேரத்தில் ஏற்றி வந்தேன். விழுந்து கிடந்த கற்கள்தானே என்று அம்மாவிடம் சொன்னேன். சிலவற்றை அலவாங்கால் நானே கிளப்பினேன். உன்னை அடித்தபோதும் அது எனக்கு நினைவில் இருந்தது.

பேத்தி விரும்பினால் இதையும் எழுதட்டும். கோட்டையின் படத்தோடு கொட்டிலின் படத்தையும் எடுத்து வைத்திருக்கிறேன். பழைய விலாசத்துக்கு அனுப்புவதா, புதிய விலாசத்துக்கு அனுப்புவதா என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா