பவர் பட்டனை அழுத்திப் பிடிக்கும் முன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மூடி வைத்த லேப்டாப்பைத் திறக்கிறீர்கள். திரை கறுப்பாகவே இருக்கிறது, எந்த விசையைத் தட்டினாலும் அசைவில்லை. உடனே கை போவது பவர் பட்டனுக்குத்தான். 10 நொடி அழுத்திப் பிடித்தால் அணைந்துவிடும், மறுபடி போட்டால் வந்தும்விடும். ஆனால் சேமிக்காமல் விட்ட கணக்கு, பாதி எழுதிய விண்ணப்பம், திறந்து வைத்திருந்த பில் எதுவும் திரும்ப வராது. அந்த 10 நொடிக்கு முன்னால் செய்ய வேண்டியதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஸ்லீப்பில் போன லேப்டாப் அணைந்துவிடுவதில்லை. நீங்கள் திறந்து வைத்த எல்லாமே ரேம் என்னும் தற்காலிக நினைவகத்தில் உயிரோடு இருக்கிறது. ரேமுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருந்தால்தான் அதில் உள்ளது நிற்கும். பவர் பட்டனை நீளமாக அழுத்துவது அந்த மின்சாரத்தை வெட்டும் வேலை. அதனால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: தூங்குவது லேப்டாப்பா, திரை மட்டுமா?

கேப்ஸ் லாக் விசையைத் தட்டிப் பாருங்கள். அதன் விளக்கு ஒவ்வொரு தட்டுக்கும் எரிந்து அணைந்தால் உள்ளே விண்டோஸ் விழித்துவிட்டது, திரைதான் வரவில்லை. விளக்கே இல்லாத மாடல் என்றால் ஃபேன் வெளிவிடும் இடத்தில் கையை வைத்துப் பாருங்கள், காதையும் கொடுங்கள். சார்ஜரைச் செருகும்போது ‘டிங்’ என்று சத்தம் வந்தாலும் விழித்திருக்கிறது என்றே பொருள்.

விழித்திருந்தால் முதல் மருந்து நான்கு விசைகள். விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு, ஏ, பி, சி வரிசையில் வருகிற பி-யைத் தட்டுங்கள். சின்னதாக ஒரு பீப் கேட்கும், திரை ஒருமுறை சிமிட்டும். திரைக்குப் படம் அனுப்பும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவரை மட்டும் இது புதிதாகத் தொடங்க வைக்கிறது. திறந்திருக்கும் ஃபைல்களைத் தொடுவதில்லை. தூக்கத்தில் சிக்கிக்கொண்ட டிரைவர் என்றால் இதிலேயே படம் வந்துவிடும்.

வராவிட்டால் எச்டிஎம்ஐ கேபிளில் டிவியையோ மானிட்டரையோ இணையுங்கள். பெரும்பாலும் தானாகவே படம் வரும். வந்தால் அங்கேயே எல்லாவற்றையும் சேமித்துவிட்டு, முறையாக அணைத்துவிடலாம். டிவி இல்லையா? கண்ணை மூடிக்கொண்டும் சேமிக்கலாம். ஸ்பேஸ் விசையைத் தட்டி 2 நொடி பொறுத்து உங்கள் பின் எண்ணை அடியுங்கள். கடவுச்சொல் என்றால் அதன்பின் என்டர் அடியுங்கள். 5 நொடி கழித்து கன்ட்ரோலும் எஸ்-உம். கடைசியாகத் திறந்திருந்த ஃபைலுக்கு ஏற்கெனவே பெயர் வைத்திருந்தால் அது சேமிக்கப்பட்டுவிடும். பெயரே வைக்காத புது ஃபைலுக்கு இது உதவாது, பெயர் கேட்டு ஒரு பெட்டி திறந்து நிற்கும். பிறகு விண்டோஸ் விசையுடன் எக்ஸ், அடுத்து யு, மறுபடி யு. திரையைப் பார்க்காமலே முறையாக அணைந்துவிடும்.

படம் டிவியில் வருகிறது, லேப்டாப் திரையில் வரவில்லை என்றால் ஒரு டார்ச் சோதனை செய்யுங்கள். அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைத் திரைக்கு மிக அருகில், சாய்வாகப் பிடியுங்கள். கடிகாரமோ மவுஸ் அம்போ மங்கலாக, சாம்பல் நிழல் போலத் தெரிகிறதா? அப்படியானால் படம் ஓடிக்கொண்டிருக்கிறது, பின்னால் இருந்து வெளிச்சம் தரும் பேக்லைட்தான் எரியவில்லை. ஓஎல்இடி திரைக்கு இந்தச் சோதனை செல்லாது, அதில் பேக்லைட்டே கிடையாது. அடுத்து மூடியை 45 டிகிரியிலிருந்து மெதுவாகப் பின்னால் சாயுங்கள். ஏதோ ஒரு கோணத்தில் மட்டும் வெளிச்சம் வந்து போனால் ஹிஞ்சுக்குள் (மூடியின் கீல்) ஓடும் டிஸ்ப்ளே கேபிளைச் சந்தேகியுங்கள். தலைமுடி கனத்தில் பல கம்பிகள் சேர்ந்த கேபிள் அது. மூடியைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் மடங்குகிறது. ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினால் ஒரு பக்க ஹிஞ்சுக்கே பாரம் ஏறும். மூடியை நடுவில் பிடித்துத் திறந்தால் கேபிளும் ஹிஞ்சும் கூடுதல் காலம் உழைக்கும்.

இதற்கெல்லாம் முன்னால் பார்க்க வேண்டிய ஒன்று காந்தம். மூடி மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று லேப்டாப் அறிவது ஒரு சின்ன காந்தத்தால்தான். திரையின் ஓரத்தில் காந்தம், கீபோர்டு பகுதியில் ஹால் சென்சார். காந்தம் நெருங்கினால் ‘மூடிவிட்டார்கள்’ என்று சென்சார் சொல்லும், லேப்டாப் தூங்கும். வெளியிலிருந்து வேறு காந்தம் வந்தாலும் அதே கதைதான். காந்தப் பட்டியுள்ள ஸ்மார்ட் வாட்ச், பின்னால் காந்த வளையம் வைத்த செல்போன், ஹேண்ட்பேக்கின் மேக்னெட் பட்டன், அடியில் வைத்த இன்னொரு லேப்டாப் ஆகியவை கை வைக்கும் பகுதியில் இருந்தால் லேப்டாப் விழிக்காது, விழித்தாலும் அடுத்த நொடி தூங்கிவிடும். எல்லாவற்றையும் ஒரு அடி தள்ளி வைத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.

கேப்ஸ் லாக் விளக்கு அசையவில்லை, சத்தமும் இல்லை என்றால் சார்ஜ் தீர்ந்திருக்கலாம். ராத்திரி 30 சதவீதத்தில் மூடி வைத்தது காலையில் காலியாகியிருப்பது சாதாரணம். அதன் சொந்த சார்ஜரில் 30 நிமிடம் போட்டுவிட்டுப் பிறகு பட்டனைத் தட்டுங்கள். டைப்-சி துளை உள்ள லேப்டாப்பில் செல்போன் சார்ஜரைச் செருகி ஏமாறுவது நடக்கிறது. 18 அல்லது 20 வாட் சார்ஜரில் சார்ஜ் விளக்கு எரியக்கூடும், ஆனால் 45 அல்லது 65 வாட் கேட்கும் லேப்டாப் அதில் எழுந்து நிற்காது. சார்ஜரின் முதுகில் அவுட்புட் என்ற இடத்தில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் கிடைத்துவிடும்.

சார்ஜ் ஏறியும் எழவில்லையா? இனி அழுத்திப் பிடிக்கலாம். சார்ஜர், பென்டிரைவ், மவுஸ் டாங்கிள், ஹப் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பேட்டரியும் வெளியே கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். பவர் பட்டனை முழுதாக 30 நொடி பிடியுங்கள். பலர் 10 நொடியில் விட்டுவிடுகிறார்கள். மதர்போர்டில் எம்பெடட் கன்ட்ரோலர் என்று ஒரு சின்ன சிப் இருக்கிறது. பட்டன், மூடி, சார்ஜ், விளக்கு எல்லாவற்றையும் கவனிப்பது அதுதான். லேப்டாப் அணைந்திருந்தாலும் அது விழித்திருக்கும். அது சிக்கிக்கொண்டால் பட்டனை எத்தனை முறை தட்டினாலும் பதில் வராது. மிச்சமிருக்கும் மின்சாரம் முழுதாக வடிந்தால்தான் அது புதிதாகத் தொடங்கும், அதற்குத்தான் 30 நொடி. பிறகு சார்ஜரை மட்டும் செருகிப் போடுங்கள். பேட்டரி உள்ளேயே இருக்கும் திங்க்பேட் மாடல்கள் பலவற்றில் அடியில் ரீசெட் துளை ஒன்று இருக்கும். சார்ஜரைக் கழற்றிவிட்டு, நிமிர்த்திய பேப்பர் கிளிப்பால் அதை அழுத்தி, ஒரு நிமிடம் பொறுத்து சார்ஜரைச் செருகலாம். குறி போட்டிருக்கும் துளையை மட்டுமே குத்துங்கள். பக்கத்தில் இருப்பது ஸ்பீக்கர் துளையாக இருக்கலாம்.

பட்டனைத் தட்டியதும் விளக்கு ஒரு கணக்கில் சிமிட்டினால் அந்தக் கணக்குதான் நோயின் பெயர். டெல்லில் ஆரஞ்சும் வெள்ளையுமாகவும், எச்பியில் கேப்ஸ் லாக் விளக்கிலும் அது வரும். ரேமா, மதர்போர்டா, லேப்டாப்பைத் தொடங்கி வைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸா என்று அதை வைத்தே பிரிக்கலாம். செல்போனில் 30 நொடி வீடியோ எடுத்து வையுங்கள்.

மேக்புக் வைத்திருப்பவர்கள் பவர் பட்டனை 10 நொடி பிடித்தால் போதும். 2018-க்கு முந்தைய, பேட்டரி கழற்ற முடியாத இன்டெல் மேக்புக்குகளில் இடப்பக்க ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆப்ஷன் மூன்றோடு பவர் பட்டனையும் 10 நொடி பிடித்து, பவரைக் கவனிக்கும் சிப்பான எஸ்எம்சியை ரீசெட் செய்யலாம். 2020-இல் வந்த ஆப்பிளின் சொந்த எம்1 சிப் முதல் அந்த வேலைக்கே இடமில்லை.

டேப்லெட்டில் விஷயம் இன்னும் சுருக்கம். முதலில் ஃபிளிப் கவரைக் கழற்றுங்கள், அதிலும் காந்தம்தான். பீரோவில் பல வாரம் கிடந்த டேப் என்றால் குறைந்தது ஒரு மணி நேரம் சார்ஜில் போடுங்கள். லேப்டாப்பின் யுஎஸ்பி துளையில் போடாமல் சுவர் சார்ஜரிலேயே போடுங்கள். ஹோம் பட்டன் இல்லாத ஐபேடில், மேல் பட்டனுக்கு அருகில் உள்ள வால்யூம் பட்டனைத் தட்டி விடுங்கள், அடுத்த வால்யூம் பட்டனைத் தட்டி விடுங்கள், பிறகு மேல் பட்டனை ஆப்பிள் சின்னம் வரும்வரை விடாமல் பிடியுங்கள். ஹோம் பட்டன் உள்ளதில் அதையும் மேல் பட்டனையும் சேர்த்துப் பிடியுங்கள். ஆண்ட்ராய்டு டேப்களில் பெரும்பாலும் பவரும் வால்யூம் குறைக்கும் பட்டனும், 10 முதல் 20 நொடி வரை. எதிலும் உங்கள் படங்கள் அழியாது.

லேப்டாப் திரும்ப வந்த பிறகு ‘ஒருதடவைதானே’ என்று விட்டால் அடுத்த வாரம் மறுபடி வரும். உங்கள் லேப்டாப் எந்த வகைத் தூக்கம் தூங்குகிறது என்று பாருங்கள். ஸ்டார்ட்டில் சிஎம்டி என்று தேடிக் கறுப்பு ஜன்னலைத் திறங்கள். பவர் என்ற ஆங்கிலச் சொல்லின் 5 எழுத்துகளோடு சி, எஃப், ஜி-யை ஒட்டி அடித்து, ஒரு இடைவெளி, கேள்விக்குறி விசையில் உள்ள சாய்கோடு, ஏ, பிறகு என்டர். பட்டியலில் எஸ்3 கிடைப்பதாக வந்தால் பழைய தூக்கம்: ரேமைத் தவிர ஏறக்குறைய எல்லாம் அணையும். எஸ்0 என்று வந்தால் மாடர்ன் ஸ்டேன்ட்பை: விண்டோஸ் 10 காலத்திலிருந்து வந்த, செல்போன் மாதிரித் தூக்கம். நெட் இணைப்போடு அரைக்கண் மூடித்தான் இருக்கும். பைக்குள் வைத்து பஸ்ஸில் போகும்போது உள்ளே விழித்துக்கொண்டு, காற்று இல்லாமல் சூடேறி, இறங்கும்போது பேட்டரி காலி என்பது இந்த வகையில்தான் அதிகம். அதே ஜன்னலை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, ஏ-க்குப் பதில் ஸ்லீப், ஸ்டடி என்ற இரண்டு சொற்களையும் ஒட்டி அடித்தால், தூக்கத்தில் எது சார்ஜைத் தின்றது என்று கடந்த 3 நாள் அறிக்கை கிடைக்கும்.

பயணத்துக்கு நாங்கள் சொல்வது ஹைபர்நேட். ரேமில் உள்ளதை டிஸ்க்கில் எழுதிவிட்டு முழுதாக அணைந்துவிடும், சூடும் இல்லை, செலவும் இல்லை. 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் அதற்கு 3 ஜிபிக்குச் சற்று அதிகமாக இடம் போகும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் பக்கத்தில் ஹைபர்நேட்டை டிக் செய்யுங்கள். மூடியை மூடினால் என்ன நடக்க வேண்டும் என்பதும் அங்கேதான் இருக்கிறது. அதே பக்கத்தில் உள்ள ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள். அது இருக்கும்வரை ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸின் உள்பகுதி டிஸ்க்கில் எழுதப்பட்டு அப்படியே திரும்ப எடுக்கப்படுகிறது, கெட்டுப்போன டிரைவர் நிலையும் கூடவே திரும்புகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டுமே முழுதாகப் புதிதாய்த் தொடங்கும்.

அடுத்தது கிராபிக்ஸ் டிரைவர். விண்டோஸ் அப்டேட் வந்த மறுநாளே தொல்லை தொடங்கியிருந்தால், டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரைத் திறந்து ரோல் பேக் கொடுங்கள். அந்தப் பட்டன் மங்கலாக இருந்தால் பழைய டிரைவர் இல்லை என்று பொருள். உங்கள் மாடலுக்கு உரியதை லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்தே இறக்குங்கள். ‘எல்லா டிரைவரையும் நாங்களே போடுகிறோம்’ என்று வரும் இலவச மென்பொருள்களை ஏற்றாதீர்கள். அதன்பின் யுஎஸ்பி: 3 இரவு எதையும் செருகாமல் தூங்க விடுங்கள். ஒழுங்காக விழித்தால் நான்காம் இரவு ஒரு பொருளை மட்டும் செருகுங்கள், ஐந்தாம் இரவு அடுத்தது. ஹப்பும் டாக்கும்தான் அதிகம் மாட்டும்.

விண்டோஸின் நிகழ்வுக் குறிப்பேடான ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று சிவப்பில் பார்த்துப் பயப்பட வேண்டாம். முறையாக அணையாமல் நின்றது என்பதை மட்டும் அது சொல்கிறது. நீங்கள் பட்டனைப் பிடித்து அணைத்ததாலேயே வந்த வரி அது. அதைக் காட்டி மதர்போர்டு மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். விழிக்காத லேப்டாப்புக்கு ஃபார்மேட்டும் முதல் வைத்தியம் இல்லை.

பயாஸ் அப்டேட் செய்யப் போகிறவர்கள், அல்லது மதர்போர்டு வேலைக்குக் கொடுக்கப் போகிறவர்கள், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் குறியாக்கமான பிட்லாக்கரின் மீட்பு எண் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். 48 இலக்கம். பல புது லேப்டாப்களில் கேட்காமலே குறியாக்கம் ஏறியிருக்கும், எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்த எண் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் தரவை எங்களாலும் எடுத்துத் தர முடியாது.

டச்பேட் மேலெழும்பி இருந்தாலோ, அடிப்பகுதி மேஜையில் சமமாக உட்காராமல் ஆடினாலோ மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். சார்ஜ் போடாமல், அமுக்காமல், மெத்தை மேல் வைக்காமல் கடைக்குக் கொண்டு வாருங்கள்.

மற்றபடி கடைக்கு வரும்போது லேப்டாப்போடு அதன் சார்ஜரையும் கட்டாயம் கொண்டு வாருங்கள். எப்போதும் செருகி வைத்திருக்கும் ஹப்பும் டாங்கிளும் கூட வேண்டும். கடைசியாக ஒழுங்காக விழித்தது எந்த நாள், அதன்பின் என்ன ஏற்றினீர்கள், டார்ச்சில் நிழல் தெரிந்ததா என்று ஒரு தாளில் எழுதி வந்தால், பிரித்துப் பார்க்காமலே பாதி வழி போய்விடலாம்.

அன்புடன்,
உங்கள் லேப்டாப் சர்வீஸ் கடையினர்