விக்கிப்பீடியாவுக்குப் பின்னால் என் நடுகற்கள்

கிருஷ்ணகிரி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்தது கேட்டு நிம்மதி. இங்கே மாங்காய் வரத்து தொடங்கிவிட்டது. கூழ் ஆலை வாசல்களில் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. விலை மட்டும் வழக்கம்போல விவசாயியைக் கேட்காமல் முடிவாகிறது.

நீ சொன்ன யோசனைக்கு வருகிறேன். ஊர் ஊராக அலைந்து நான் படமெடுத்து எழுதிய நடுகற்கள் கூகுளில் மூன்றாம் பக்கத்தில் கிடக்கின்றன. விக்கிப்பீடியாவின் நடுகல் கட்டுரை முன்னால் வந்து நிற்கிறது. அந்தக் கட்டுரையிலேயே என் தளத்துக்கு ஓர் இணைப்பைச் செருகினால் நானும் மேலே வந்துவிடுவேன் என்கிறாய். அது நடக்காது, அப்பனே.

கூகுளை உருவாக்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டு மாணவர்களாக 1998இல் வெளியிட்ட வழி இதுதான்: ஒரு பக்கத்தின் மதிப்பை, அதற்கு இணைப்புக் கொடுக்கும் மற்றப் பக்கங்களை வைத்து எடை போடுவது. பஸ் நிலையத்தில் இறங்கி நல்ல மாங்காய் மண்டி எது என்று கேட்டால், பத்துப் பேர் ஒரே திசையில் கை காட்டுவார்களே, அப்படி. ஆனால் எல்லாக் கைக்கும் ஒரே எடை கிடையாது. ஊரே மதிக்கும் பெரியவர் காட்டினால் எடை கூடும். அவரே நூறு மண்டிகளைக் காட்டினால் அந்த எடை நூறு பங்காகப் பிரிந்துவிடும். விக்கிப்பீடியாவைப் பத்திரிகைகள், கல்லூரிகள், என்னைப் போன்ற தனியாட்கள் என்று உலகமே காட்டுகிறது. நானும் என் தளத்தில் நாலு இடத்தில் காட்டியிருக்கிறேன், பார்! அதன் கட்டுரைகளும் ஒன்றையொன்று காட்டிக்கொள்வதால், வந்த மதிப்பு வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறது. இன்று கூகுள் வேறு பலவற்றையும் பார்க்கிறது. ஆனாலும் இணைப்புகளின் செல்வாக்கு போய்விடவில்லை.

உள்ளே வந்தது வெளியே போவதுதான் கடினம். விளம்பரக்காரர்கள் இணைப்புகளைத் திணித்துத் தொல்லை கொடுத்ததால், ஆங்கில விக்கிப்பீடியா 2007இல் தன் வெளி இணைப்புகளுக்கெல்லாம் 'நோஃபாலோ' என்ற குறியைப் போட்டுவிட்டது. "இதை என் சிபாரிசாக எண்ணாதே" என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி அது. யாரோ செய்த அட்டூழியத்துக்கு என் நடுகல் வீரர்கள் தண்டனை அனுபவிக்கிறார்கள்.

ஒன்று சொல்ல மறந்தேன். சென்ற வாரம் ஒரு சிற்றூரின் பெயரோடு நடுகல் என்று சேர்த்துத் தேடினேன். என் பக்கம்தான் முதலில் வந்தது! அந்த ஊர்க் கல்லைப் பற்றி வேறு யாரும் எழுதவில்லை. தேடியதும் நான் ஒருவன்தானோ என்னவோ.

தருமபுரி அருங்காட்சியகப் பக்கம் போனால் அங்குள்ள நடுகற்களைப் படமெடுத்து அனுப்பு. வெயில் சாய்ந்தபின் எடு, எழுத்து தெளிவாக விழும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்